நகைச்சுவை நடிகராக வேண்டும்: சபா மேடையா, ஸ்பெஷல் நாடகமா, சின்னத்திரையா, நேரே சினிமாவா?

நாலு பேரைச் சிரிக்க வைக்கத் தனக்கு வரும் என்று தெரிந்துகொண்ட ஓர் இளைஞர், இதையே தொழிலாக்கிக்கொள்ளலாமா என்று யோசிக்கிறார். தமிழ்நாட்டில் அவருக்கு முன்னால் இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. ஒரு வேலையில் இருந்துகொண்டே, சென்னையின் சபாக்களில், அதாவது கலை நிகழ்ச்சிகளை நடத்தும் சங்கங்களில், நாடகம் போடும் குழு ஒன்றில் சேரலாம். தென்மாவட்டங்களின் கோயில் திருவிழாக்களில் நடக்கும் ஸ்பெஷல் நாடக மேடையில் பபூனாக, அதாவது கோமாளியாக, ஏறலாம். தொலைக்காட்சியின் நகைச்சுவை நிகழ்ச்சிகளில் வாய்ப்புத் தேடலாம். எதிலும் நிற்காமல் நேரே சினிமாக் கம்பெனிகளின் வாசலுக்குப் போகலாம். முதல் ஐந்து வருடங்களை எதற்குக் கொடுப்பது என்பதுதான் கேள்வி. பிறகு வழி மாறலாம், எல்லோரும் மாறியிருக்கிறார்கள். ஆனால் முதல் ஐந்து வருடங்களில் உடம்பில் ஏறும் பழக்கம் கடைசிவரை போகாது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மேடைதான். மேடை புனிதமானது, சினிமா வியாபாரம் என்கிற பழைய வாதத்தை வைத்து இதைச் சொல்லவில்லை. நகைச்சுவை நடிப்புக்கு வேண்டிய ஒரு திறமையை மேடையைத் தவிர வேறு எந்த இடமும் கற்றுத்தருவதில்லை. அது காதால் கற்கும் திறமை.

ஒரு வசனம் சொல்லி முடிந்ததும் அரங்கம் சிரிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வசனத்தை எப்போது தொடங்குவது? சிரிப்பு ஏறிக்கொண்டிருக்கும்போது பேசினால் வசனம் யார் காதிலும் விழாது. சிரிப்பையும் நீங்களே வெட்டிவிடுவீர்கள். முழுவதும் அடங்கியபின் பேசினால் காட்சி தொய்ந்துவிடும். உச்சிக்குப் போன சிரிப்பு இறங்கத் தொடங்கும் நேரத்தில் அடுத்த வசனத்தின் முதல் சொல் விழ வேண்டும். அதுவரை சும்மா நிற்கவும் முடியாது. பாத்திரத்தின் கோபத்தையோ குழப்பத்தையோ முகத்திலும் தோளிலும் அப்படியே பிடித்துவைத்திருக்க வேண்டும். எதிரே நிற்கும் நடிகரும் அதே கணக்கில் காத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் மூன்று வினாடி நீடித்த சிரிப்பு அடுத்த வாரம் வேறு சபாவில் அரை வினாடிகூட இருக்காது. அதே வசனம், அதே நடிகர், கூட்டம் மட்டும் வேறு. இந்தக் கணக்கை யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது. வேறுவேறு அரங்கங்களில் திரும்பத் திரும்ப நின்றால் மட்டுமே காது அதைப் பிடிக்கும்.

படப்பிடிப்பில் இதற்கு நேர்மாறான நிலை. அங்கே யாரும் சிரிக்கக் கூடாது; சிரித்தால் டேக் கெட்டுவிடும். ஒளிப்பதிவாளரும் விளக்குப் பிடிப்பவரும் அடுத்த ஷாட்டைப் பற்றி யோசித்துக்கொண்டு அசையாமல் நிற்பார்கள். அந்த மௌனத்தில், ஆறு மாதம் கழித்து ஏதோ ஓர் ஊரின் திரையரங்கில் எழப்போகும் சிரிப்பை மனத்திலேயே கேட்டு அதற்கு இடம்விட்டு நடிக்க வேண்டும். மேடையில் பழகியவருக்கு அந்தச் சிரிப்பு மனத்தில் கேட்கும். பழகாதவர் எடிட்டரை நம்பியிருக்க வேண்டியதுதான்.

நாகேஷை எடுத்துக்கொள்வோம். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர், அமெச்சூர் நாடகங்களில் சின்னச் சின்ன வேடங்களில் தொடங்கினார். வயிற்றுவலி நோயாளியாகச் சில நிமிடங்கள் மட்டும் வந்துபோன ஒரு நாடகத்துக்குத் தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆர். அவரைத் தனியாகக் குறிப்பிட்டுப் பாராட்டினார். 1959-இல் ‘தாமரைக்குளம்’ படத்தில் சினிமாவுக்கு வந்துவிட்டாலும் மேடையை அவர் விடவில்லை. அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டுவந்த கே. பாலசந்தரின் நாடகங்களில் நடித்தார். ‘சர்வர் சுந்தரம்’, ‘நீர்க்குமிழி’, ‘எதிர்நீச்சல்’ என்று அவை ஒவ்வொன்றாகப் படமானபோது, அந்த வேடங்கள் ஏற்கெனவே அவர் உடம்பில் ஊறியிருந்தன. 1965-இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தில் தருமி கோயிலில் தனியாகப் புலம்பும் இடத்தை மறுபடி பாருங்கள். எதிரே பேச ஆள் இல்லை. சொக்கநாதர் வருவதற்கு முன்னால் ஒரு மனிதர் தனக்குத்தானே கேள்வி கேட்டு, தானே பதில் சொல்லி, தானே அழுது, தானே நம்பிக்கை வைத்து, அதையும் உடனே இழக்கிறார். காட்சி முழுவதையும் ஒரே ஆள் தூக்கிச் சுமக்கிறார். மேடையில் தனியாக நின்று பழகாத ஒருவருக்கு இந்தத் துணிச்சல் வராது என்பது என் உறுதியான எண்ணம்.

இனி நான்கு வழிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போம்.

சபா நாடகத்தின் முதல் குறை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: அதில் வயிறு நிறையாது. குழுவுக்குச் சபா கொடுக்கும் தொகை அரங்கப் பொருள், ஒலி, ஒளி, வண்டி வாடகை என்று கரைந்துபோகும். நடிகருக்குக் கைச்செலவுக்கு வந்தாலே பெரிது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஒரு நாடகம் வெற்றி பெற்றால் நகரத்தின் சபாக்கள் அத்தனையும் வரிசையாக அழைக்கும். இன்று நாடகத்துக்குத் தேதி கொடுக்கும் சபாக்கள் குறைந்துவிட்டன, பார்வையாளர்களின் தலைகளும் நரைத்துவிட்டன. இதை மறைத்துவிட்டு ஓர் இளைஞரை மேடைக்கு அழைப்பது நியாயமில்லை.

அதனால்தான் ‘வேலையில் இருந்துகொண்டே’ என்று தொடக்கத்திலேயே சொன்னேன். இந்த வழியில் வந்தவர்கள் அநேகமாக எல்லோரும் அப்படித்தான் வந்தார்கள். சோ வழக்கறிஞர். கிரேசி மோகன் கிண்டியில் இயந்திரவியல் படித்துவிட்டு சுந்தரம் கிளேட்டனில் வேலை பார்த்தவர். டெல்லி கணேஷ் விமானப்படையில் பத்து ஆண்டுகள் இருந்தார். விவேக் தலைமைச் செயலகத்தில் ஊழியராக இருந்துகொண்டு ஹ்யூமர் கிளப் மேடையில் பேசியவர். அங்கிருந்துதான் பாலசந்தரிடம் போய்ச் சேர்ந்தார். மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்ததால் கிடைத்த வேடத்தையெல்லாம் ஏற்க வேண்டிய அவசியம் இவர்களுக்கு இல்லை. தோற்ற நாடகத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு அடுத்ததை எழுதும் தெம்பும் அதில்தான் வந்தது. அலுவலகம் இன்னொன்றையும் கொடுத்தது. மேலதிகாரி, விடுப்பு விண்ணப்பம், கேன்டீன் வம்பு, வீட்டுக்கடன் என்று எழுதுவதற்கு வேண்டிய மனிதர்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள்.

இந்த வழியின் பெரிய பலன், நாடகப் பிரதி உங்கள் கையில் இருப்பது. நகைச்சுவை நடிகரின் ஆயுளைத் தீர்மானிப்பது இதுதான் என்று நினைக்கிறேன். கிரேசி மோகன் 1976-இல் எஸ்.வி. சேகரின் குழுவுக்காக ‘கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ எழுதினார். பிறகு சொந்தக் குழு தொடங்கினார். அவருடைய ‘மேரேஜ் மேட் இன் சலூன்’ 1983-இல் ‘பொய்க்கால் குதிரை’ என்று படமானது. அதன்பின் ‘அபூர்வ சகோதரர்கள்’, ‘மைக்கேல் மதன காமராஜன்’, ‘அவ்வை சண்முகி’ என்று சினிமாவில் எழுதிக் குவித்தபோதும், குழு ஞாயிறுதோறும் மேடையில்தான் இருந்தது. சினிமா அழைத்தால் போனார். அழைக்காத மாதத்திலும் அவருக்கு அரங்கம் இருந்தது. சோ 1968-இல் மேடையேற்றிய ‘முகமது பின் துக்ளக்’ நாடகத்தைத் தயாரிப்பாளர் ஒருவர் தயவில் அரங்கேற்றவில்லை. தன் விவேகா ஃபைன் ஆர்ட்ஸ் குழுவில், தான் எழுதி, தானே நடித்தார். 1971-இல் அதைப் படமாக எடுத்தபோதும் அது அவருடைய பொருளாகவே இருந்தது. சம்பளத்துக்கு வந்த நகைச்சுவை நடிகராக மட்டும் இருந்திருந்தால், அந்த அரசியல் நையாண்டியை எந்தக் கம்பெனியும் அவர் வாயில் வைத்திருக்காது.

ஸ்பெஷல் நாடகத்தைப் பற்றிச் சென்னைவாசிகள் அதிகம் எழுதுவதில்லை. அது பெரிய குறை. தமிழில் நகைச்சுவை நடிகருக்கு இதைவிடக் கடுமையான பள்ளிக்கூடம் கிடையாது. மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் இரவு பத்து மணி வாக்கில் தொடங்கி விடிய விடிய நடக்கும் ‘வள்ளி திருமணம்’ போன்ற நாடகங்கள் இவை. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துக் கொடுத்த மரபு. இதில் நிரந்தரக் குழு என்று ஒன்று இல்லை. ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக அந்த ஓர் இரவுக்கு அமர்த்துகிறார்கள். ஒத்திகை கிடையாது. கூட நடிப்பவரை அன்று இரவு மேடையில்தான் பபூன் சந்திக்கக்கூடும்.

நாடகம் சூடு பிடிப்பதற்கு முன்னால் முதலில் வந்து நிற்பவரும் அவர்தான். தெருப்புழுதியில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள், பின்னால் பேசிக்கொண்டு நிற்கும் இளைஞர்கள், தூங்கத் தொடங்கிய குழந்தைகள் என்று சிதறிக்கிடக்கும் கூட்டத்தை ஒரு பாட்டு, ஒரு பேச்சு, ஆர்மோனியக்காரரோடு ஒரு வாய்ச்சண்டை என்று அவர் ஒற்றை ஆளாகத் தன் பக்கம் திருப்ப வேண்டும். அந்த ஊரின் பேரை, கோயிலை, அன்றைய செய்தியைப் பேச்சில் கோத்துவிடத் தெரிய வேண்டும். பிறகு நடனக்காரியோடு தர்க்கப் பாட்டு. எதுவும் எழுதிவைத்த பிரதி இல்லை. எல்லாம் அந்தந்த நேரத்தில் பிறப்பது.

பயிற்சி என்று பார்த்தால் சபா மேடை இதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் வாழ்க்கை கடினம். வருமானம் திருவிழா மாதங்களை நம்பியது. பங்குனியிலும் சித்திரையிலும் தூக்கமில்லாத இரவுகள், மற்ற மாதங்களில் காத்திருப்பு. கூட்டத்தைப் பிடிக்க இரட்டை அர்த்தத்தை நாடும் கட்டாயமும் இருக்கிறது. பெண் கலைஞர்கள் மீது ஊர் இன்னமும் சுமத்தும் அவமரியாதையை நினைத்தால் மனம் கொதிக்கிறது. இந்த மரபில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை, அவர்களுக்குத் தெரியும். வெளியிலிருந்து வருபவர் முழுநேரமாக இதில் இறங்குவது கடினம். என்றாலும் ஒரு திருவிழாப் பருவம் முழுவதும் ஊர் ஊராகப் போய், பபூனின் முதல் அரை மணி நேரத்தை மட்டும் கவனித்துவந்தால், எந்த நடிப்புப் பள்ளியும் தராத பாடம் கிடைக்கும்.

தொலைக்காட்சியின் பலம் வேகம். ‘லொள்ளு சபா’வில் இருந்து சந்தானமும், ‘கலக்கப் போவது யாரு’ மேடையில் இருந்து சிவகார்த்திகேயனும் வந்த வேகத்தில் சபா நாடகத்திலிருந்து யாரும் வந்ததில்லை. முகம் வீடு வீடாகப் போய்ச் சேர்கிறது, இயக்குநர்கள் பார்க்கிறார்கள், ஓரளவு பணமும் வருகிறது. யோகிபாபுவும் சின்ன வேடங்களில் அங்கே தலைகாட்டியவர்தான். ஆனால் அங்கே வளர்வது பெரும்பாலும் குரல் மிமிக்ரியும் சினிமாவைக் கிண்டல் செய்வதும். மூன்று நிமிடத் துணுக்குகளுக்குப் பழகிய உடம்பு, இரண்டு மணி நேரம் ஒரே பாத்திரத்தைத் தாங்குவதற்குத் தனியாகப் பழக வேண்டியிருக்கிறது. நடுவர் சிரிப்பதற்கும், காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர் சிரிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. பின்னணியில் சேர்க்கும் சிரிப்பொலியோ நடிகரின் காதையே கெடுத்துவிடும். கைப்பேசிக் காணொளிகளுக்கும் இதே கதைதான். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தெரியும், எந்த நொடியில் சிரித்தார்கள் என்று தெரியாது. இரண்டாவது படியாக இந்த வழி நன்றாக இருக்கும்.

நேரே சினிமாவுக்குப் போவதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. அதிர்ஷ்டம் உதவினால் இதைவிடப் பெரிய பரிசு எதிலும் இல்லை. நகைச்சுவை நடிகருக்குப் படக் கணக்கில் இல்லாமல் நாள் கணக்கில் சம்பளம் பேசுவதும் உண்டு. புகழின் உச்சியில் இருக்கும் நாட்களில் அது லாபம். கால்ஷீட் கேட்டு வருபவர்கள் குறையும்போது வருமானமும் அதே வேகத்தில் விழும். தனி நகைச்சுவைத் தடம் எழுதும் ஏ. வீரப்பன் போன்றவர்கள் இருந்த காலம் வேறு. கவுண்டமணி–செந்தில் காட்சிகளைப் படத்தின் கதையிலிருந்து பிரித்தெடுத்துத் தனியாகவே பார்க்கலாம். இன்றைய கதைகளில் அப்படித் தனியாக நிற்கும் தடத்துக்கு இடம் குறைந்துவிட்டது. நகைச்சுவை நடிகர் கதைக்குள் ஒரு மனிதராக நடிக்க வேண்டியிருக்கிறது. 2023-இல் ‘மாமன்னன்’ படத்தில் வடிவேலுவையும் ‘விடுதலை’ படத்தில் சூரியையும் பார்த்துத் தமிழ்நாடே வியந்ததற்குக் காரணம், சிரிக்க வைத்தவர்களுக்கு உள்ளே இருந்த நடிகரைச் சினிமா அத்தனை காலம் கேட்காமலே இருந்ததுதான்.

இந்த இடத்தில் சந்திரபாபுவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பாட்டு, நடனம், உடல்மொழி என்று அத்தனையும் தெரிந்த மேதை. அவர் சொத்தெல்லாம் சினிமாவிலேயே இருந்தது. சொந்தமாகத் தயாரிக்கத் தொடங்கிய படம் பாதியில் நின்றபோது விழுந்த அடியிலிருந்து அவரால் எழ முடியவில்லை. 1974-இல் இறந்தபோது ஐம்பது வயதுகூட ஆகவில்லை. அவர் வாழ்க்கையில் வேறு துயரங்களும் இருந்தன. எல்லாவற்றையும் ஒரே காரணத்தில் கட்டிவிட மாட்டேன். ஆனால் சினிமா கைவிட்ட நாளில் போய் நிற்க ஒரு மேடையும், கூட நிற்க ஒரு குழுவும் அவருக்கு இருந்திருக்கலாமே என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

கலைவாணருக்கு அவை இருந்தன. நாகர்கோவிலில் வில்லுப்பாட்டிலும் பிறகு நாடகக் கம்பெனிகளிலும் வளர்ந்த என்.எஸ். கிருஷ்ணன், பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதாகிச் சிறையில் இருந்த காலத்தில், அவர் மனைவி டி.ஏ. மதுரம் நாடகக் குழுவைத் தொடர்ந்து நடத்தினார். 1947-இல் விடுதலையாகி வந்தவருக்குத் திரும்பிப்போக ஓர் இடம் காத்திருந்தது. அதே வழக்கில் சிக்கிய பாடக நடிகர் எம்.கே. தியாகராஜ பாகவதருக்கு அந்தப் பழைய இடம் மறுபடி கிடைக்கவில்லை. என்.எஸ்.கே.யோ 1949-இல் ‘நல்லதம்பி’, பிறகு ‘மணமகள்’, ‘பணம்’ என்று நடிகராகவும் இயக்குநராகவும் நின்றார்.

நீண்ட ஆயுள் என்ற அளவுகோலில் மனோரமாவுக்கு இணை இல்லை. நாடக மேடையில் தொடங்கியவர். அண்ணாவோடும் கருணாநிதியோடும் மேடையில் நடித்தவர். 1958-இல் ‘மாலையிட்ட மங்கை’யில் திரைக்கு வந்து ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்தார். ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தின் ஜில் ஜில் ரமாமணி ஒரு நாடகக்காரியின் பாத்திரம். அந்தப் பேச்சின் இழுப்பிலும் கண்ணின் துணிச்சலிலும் மேடை மணக்கிறது. நடுவயதுக்குப் பிறகு அம்மா வேடங்களுக்கு அவர் நகர்ந்தபோது யாருக்கும் உறுத்தவில்லை. ‘புதிய பாதை’க்குச் சிறந்த துணை நடிகை என்று தேசிய விருதும் கிடைத்தது. இன்று ஒரு பெண் இதே முடிவை எடுக்க வேண்டியிருந்தால், மேடை என்ற என் பரிந்துரை இன்னும் அழுத்தமாகும். சினிமா பெண்களுக்குத் தரும் நகைச்சுவை வேடம் பெரும்பாலும் சண்டைக்கார மனைவி, அசட்டுத் தோழி என்ற இரண்டுக்குள் அடங்கிவிடுகிறது. ‘சதி லீலாவதி’யில் கோவை சரளாவுக்குக் கிடைத்தது போன்ற முழு வேடம் எப்போதாவதுதான் வரும். சொந்தப் பிரதியும் சொந்தக் குழுவும் இருக்கும் பெண் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

நாகேஷின் பிற்காலமும் இதையே காட்டுகிறது. கதாநாயகர்களின் நண்பனாக வந்துகொண்டிருந்த காலம் முடிந்தபின், 1989-இல் ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தில் வில்லனாக வந்தார். 1994-இல் ‘நம்மவர்’ அவருக்குத் தேசிய விருது வாங்கிக்கொடுத்தது. அதே ஆண்டின் ‘மகளிர் மட்டும்’ படத்தில் பிணமாக நடித்தார். வசனம் இல்லை, முகபாவம் இல்லை, கண்ணைக்கூட அசைக்கக் கூடாது. மற்றவர்கள் தூக்கி, இழுத்து, சாய்க்கும்போது உடம்பின் கனம் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதை வைத்து மட்டுமே சிரிக்க வைத்தார். அறுபது வயதில் அப்படியொரு வேடத்தை ஏற்க, உடம்பின் மீது அத்தனை நம்பிக்கை வேண்டும்.

ஆகவே என் யோசனை இதுதான். வேலையை விடாதீர்கள். கோடையில் கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் சென்னையில் நடத்தும் நாடக விழாவுக்குப் போய், புதிய நாடகங்களை வரிசையாகப் பாருங்கள். எந்தக் குழு புதுமுகங்களுக்கு உண்மையான வசனம் கொடுக்கிறது, எந்தக் குழுவில் ஒருவரே எல்லாச் சிரிப்பையும் எடுத்துக்கொள்கிறார் என்பது இரண்டு மூன்று நாடகங்களிலேயே தெரிந்துவிடும். முதல் வகைக் குழுவில் சேருங்கள், இரண்டு வரி வேடமாக இருந்தாலும். ஒத்திகைக்கு மட்டும் நேரம் தவறாமல் போங்கள். அமெச்சூர் குழுக்களில் அடுத்த வேடம் யாருக்கு என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அதுதான். இரண்டாவது வருடத்தில் ஒரு காட்சியாவது நீங்களே எழுதி, குழுவுக்குப் படித்துக்காட்டுங்கள். தொலைக்காட்சித் தேர்வு வந்தால் போங்கள், சினிமாவில் ஒரு நாள் வேடம் வந்தால் விடுப்பு எடுத்துக்கொண்டு போங்கள். ஆனால் மேடைத் தேதி முன்பே கொடுத்திருந்தால் அதை மாற்றாதீர்கள். உங்களோடு நடிக்கும் ஏழெட்டுப் பேரும் அன்று அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருப்பார்கள். ஐந்து வருடம் கழித்து, பிடித்தங்கள் போகக் கைக்கு வரும் சம்பளத்தின் ஓராண்டுத் தொகை வங்கியில் இருந்து, சினிமா அழைப்பும் தொடர்ந்து வந்தால், ராஜினாமாக் கடிதத்தை அப்போது எழுதலாம்.